அம்மா திருப்பூர்

ஆசிரியர் அறையின் இரும்பு பீரோவுக்குள் ஒரு ஃபோன் ஒலித்துக்கொண்டிருந்தது. மாலை நாலே கால் மணி. கடைசி மணி அடித்து, பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தம் பக்கம் ஓடிவிட்டிருந்தார்கள். நான் விடைத்தாள்களை அடுக்கி நூல் கட்டிக்கொண்டிருந்தேன். பீரோவின் தகரம் அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு, டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி ரீங்கரித்தது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. ஐந்தாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. சாவி போட்டுத் திறந்தேன். மேல்தட்டில் மூன்று ஃபோன்கள் கிடந்தன. கண்ணாடி விரிசல் விட்டிருந்த ஒன்றில் வெளிச்சம். திரையில் தமிழில் எழுதியிருந்தது: அம்மா திருப்பூர்.

நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? உங்கள் மகளுடைய ஃபோன் என்னிடம் இருக்கிறது, நான்தான் பிடுங்கினேன் என்றா? ஒலித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று மட்டும் பதினாலு அழைப்புகள்.

அன்று காலையில் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தியின் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் துணியில் சுற்றியிருந்ததை நானே எடுத்தேன். பள்ளிக்கு ஃபோன் கொண்டுவரக் கூடாது, பிடிபட்டால் பெற்றோர் நேரில் வந்து எழுதிக்கொடுத்து வாங்கிப்போக வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது என் மனதில் இருந்த பெற்றோர்கள் பள்ளிக்கு நாலு தெரு தள்ளி வசிப்பவர்கள். இந்தப் பிள்ளையின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அப்பா இல்லை. பிள்ளை இங்கே திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பாட்டியோடு இருக்கிறது. அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டுமென்றால் ஒரு ஷிப்ட் கூலி போகும். கம்பெனியில் சாயங்காலம் டீ விடுகிற கால்மணி நேரத்தில் மகளுக்கு ஃபோன் செய்வது வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு செல்போன் கொடுக்கலாமா என்று ஊரில் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். ஆசிரியர் என்றால் பதில் வைத்திருப்பார் என்ற நம்பிக்கை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில். முன்பெல்லாம் கேட்ட வாய் மூடுவதற்குள் ‘கூடவே கூடாது’ என்று சொல்லிவிடுவேன். அந்த பீரோ ஒலித்த நாளுக்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் பதில் வரமாட்டேன் என்கிறது.

என் அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் வடக்கே. எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் ஃபோன் இருந்தது ஒரே இடத்தில்தான், முக்கில் இருந்த பலசரக்குக் கடையில். கடிதத் தலைப்பில், கல்யாணப் பத்திரிகையில் பி.பி. என்று அடைப்பில் போட்டு அந்தக் கடை எண்ணைக் கொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. நாகபுரியிலிருந்தோ இந்தூரிலிருந்தோ அப்பா டிரங்க் கால் போட்டால் கடைப் பையன் ஓடிவருவான். அம்மா கையில் இருந்த மாவைக்கூடக் கழுவாமல் ஓடுவாள். பின்னாலேயே நானும் தம்பியும். கடையில் பருப்பு வாங்க வந்தவர்கள், தராசைப் பிடித்தபடி முதலாளி, சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மரியாதைக்காகத்தான். ஆனால் அந்த மரியாதையில் அம்மா பேசுவது அத்தனையும் எல்லார் காதிலும் விழும்.

பல வருடங்கள் அந்தக் கடை ஃபோனைப் பற்றி நான் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தெருவுக்கே ஒரு ஃபோன், அதில் வந்த சேதி தெருவுக்கே சேதி என்று. பிறகு மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி, உள்ளே சின்ன மின்விசிறி, தலைக்கு மேல் ஓடும் சிவப்பு எண்கள். அதுவும் பொதுச்சொத்துதான். பேசி முடித்ததும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். அந்தக் கருவி கூடவே வீட்டுக்கு வந்து, பாயில் பக்கத்தில் படுத்துக்கொள்ளாது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதை எழுதும்போது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தக் கடையில் அம்மா ‘ம்’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை. அப்பா அந்தப் பக்கம் என்ன கேட்டாலும் ம், ம், சரி, ம். தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தபோதும் அதே ம்தான். வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

இன்றைய பிள்ளைகளின் கையில் ஃபோன் எப்படி வந்தது என்பதை நாம் சீக்கிரமாக மறந்துவிட்டோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது பெரிய திருப்பம். ஆனால் அப்போதுகூட வீட்டில் இருந்தது பெரியவர்களின் ஃபோன்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதம். கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் அது தன்போக்கில் பாடம் நடத்திவிட்டுப் போகும், கேள்வி கேட்க முடியாது. வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தோம். வீடு வீடாக அழைத்து, எப்படியாவது ஒரு டச் ஃபோன் வாங்கிக் கொடுங்கள், பிள்ளை படிப்பு கெட்டுப்போகும் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஒரு தகப்பனார் இரண்டு வெள்ளாட்டை விற்று வாங்கினார். சிக்னல் கிடைக்காமல் நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட படம் பத்திரிகையில் வந்தபோது நாங்கள் அதைப் படிப்பார்வம் என்று பாராட்டினோம்.

கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை நாடு முழுக்க ஆய்வு செய்யும் ஏசர் அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை தெரிகிறது. 2018இல் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தவை நூற்றுக்கு 36 அளவில். 2021இல் 67க்கு மேல். 2024இல் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டபோது ஏறத்தாழ 90 பேர் வீட்டில் இருக்கிறது என்றார்கள். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், முந்தைய ஒரு வாரத்தில் படிப்பு சம்பந்தமாக எதையாவது பார்த்தவர்கள் 57 விழுக்காடு. சமூக வலைத்தளம் பார்த்தவர்கள் 76 விழுக்காடு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா பிள்ளைகள் கெட்டுப்போனதை என்று பேசுவது சுலபம். பெரியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த 57 என்னவாக இருக்கும் என்பதுதான் என் மனதில் ஓடுகிறது. பத்தொன்பது மாதம் அதைக் கையில் திணித்து, அதற்குள் பார் என்று சொல்லிவிட்டு, பள்ளி திறந்த மறுநாள் காலையில் பையைச் சோதிக்க ஆரம்பித்தோம். நடுவில் யாரும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து அதற்குள் என்ன இருக்கிறதென்று சேர்ந்து பார்க்கவில்லை.

என்ன இருக்கிறது என்பதை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஃபோனைப் பிடித்த அன்றே இடைவேளையில் அந்தப் பெண்ணை ஆசிரியர் அறைக்கு வரச்சொல்லி, பூட்டைத் திறக்கச் சொன்னோம். ‘ப’ மாதிரி ஒரு கோடு இழுத்துத் திறந்து கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்து நின்றது. வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் பதிவுகள். அம்மாவுக்கு எழுத வராது, அதனால் எல்லாமே வாய்ஸ். சக ஆசிரியர் ஒருவர் ஒன்றைத் தட்டினார். ‘பாப்பா, ரேசன்ல இன்னைக்குச் சீனி போடுறாகளாம், பாட்டிய நிக்க விடாத, நீ போயி நில்லு. சாப்பிட்டியா?’ தறி ஓடுகிற மாதிரி பின்னால் தையல் மிஷின்களின் சத்தம். நாலு ஆசிரியர்கள் நடுவில் அந்தக் குரல் சத்தமாக ஒலித்தது. பிள்ளையின் காது சிவந்துபோனது. நான் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பலசரக்குக் கடையில் ம் சொல்லிக்கொண்டிருந்த என் அம்மாவை அந்த நிமிடம் நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அதே ஃபோனில் இன்ஸ்டாகிராமும் இருந்தது. முகமில்லாத கணக்குகளிலிருந்து வரிசையாகச் செய்திகள். ஹாய், டிபி சூப்பர், எந்த ஊரு, ஏன் ரிப்ளை இல்லை. பெரும்பாலானவற்றுக்கு அவள் பதில் போடவில்லை. இரண்டு பேருக்குப் போட்டிருந்தாள். அதில் ஒரு பதிலின் நேரம் நள்ளிரவு தாண்டி 1.10. பாட்டி தூங்கிக்கொண்டிருந்திருப்பார். ஒரு ஓட்டு வீடு, போர்வைக்குள் ஒரு வெளிச்சம், பதினாலு வயது. இந்த இரண்டும் ஒரே கருவிக்குள் இருப்பதுதான் என் சங்கடம். ரேசனில் சீனி போடுவதைச் சொல்லும் அம்மாவின் குரலும், யாரென்றே தெரியாத ஒருவனின் ஹாயும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால், விரலால் தள்ளினால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருகின்றன.

அந்தத் தள்ளுதலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தமிழ் நடத்துகிறவள். எழுதப்படும் எதற்கும் ஒரு முடிவு உண்டு என்று நம்பி வளர்ந்தவள். பாட்டி சொன்ன கதைக்கு முடிவிருந்தது. சினிமா கடைசியில் ‘சுபம்’ போட்டார்கள், எழுந்து செருப்பைத் தேடினோம். வானொலி நிலையத்தில்கூட இத்துடன் இன்றைய ஒலிபரப்பு நிறைவடைகிறது என்று ஒரு குரல் வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. முடிவு என்பது, இனி நீ உன் வேலையைப் பார்க்கலாம் என்று கேட்பவரை விடுவிக்கும் ஒரு மரியாதை. ரீல்ஸில் அந்த மரியாதை கிடையாது. பக்கத்தின் அடிக்கு வந்ததும் நிற்காமல் தானாக அடுத்தது சேர்ந்துகொண்டே போகும் இந்த ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அடுத்து வருவது பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத அந்த நிச்சயமின்மையில்தான் விரல் மாட்டிக்கொள்கிறது. பத்துக்கு ஒன்று பிடித்தால் போதும், மீதி ஒன்பதையும் பொறுத்துக்கொண்டு தள்ளுவோம். ஐம்பது வயது கடந்த எனக்கே, சமையலறையில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் தலை நிமிர்ந்த நாட்கள் உண்டு. போதும் என்ற சொல்லை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், போதும் என்ற இடமே இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, அளவோடு பாரு என்று சொல்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் பலிக்குமா, பிள்ளைகள் வேறு வழியில் நுழைந்துவிட மாட்டார்களா என்று வாதங்கள் நடக்கின்றன. எனக்கு அதில் பிடித்த ஒரு விஷயம், தண்டனை யாருக்கு என்பது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை எதுவும் இல்லை. இங்கே எங்கள் பீரோவில் கிடப்பது பிள்ளைகளின் ஃபோன்கள் மட்டும்தான். நம் நாட்டிலும் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்புதல் தர வேண்டிய அம்மாவுக்கு எழுத வராது. அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுப்பதே மகள்தான்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் ஏதுமில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று நம் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொல்கிறது. ஃபோனைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினோமே என்று கேட்பார்கள். நிலாவைக் காட்டியவள் கூடவே பேசிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் மனதில் அடிக்கடி வருவது மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் இருக்கும் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம். மூவாயிரம் பேர் அளவில் வாழும் கரும்புப் பூமி. ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்த பிறகு பிள்ளைகள் ஃபோனை விடவில்லை என்று ஆசிரியர்களும் தாய்மார்களும் பேச ஆரம்பித்து, 2022 ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. தினமும் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து ஒரு சங்கு ஒலிக்கும். எட்டரை வரை எந்த வீட்டிலும் டி.வி. கிடையாது, ஃபோன் கிடையாது. பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் பேசலாம். ஆரம்பத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள்.

மில் சங்கு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஊர் முழுக்க ஒரே சத்தத்துக்கு எழுவது, ஒரே சத்தத்துக்கு உண்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். வட்காவின் சங்கு எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அது பிள்ளைக்கு மட்டும் ஊதப்படவில்லை. மாமியாரின் சீரியலுக்கும் அப்பாவின் கிரிக்கெட்டுக்கும் அண்ணனின் விளையாட்டுக்கும் சேர்த்தே ஊதப்படுகிறது. ஒரு வீட்டில் ஒரே ஒரு பிள்ளையின் ஃபோனை அணைத்தால் அந்தப் பிள்ளைக்கு அது தண்டனை. தெருவே அணைத்தால் அது பொழுது. விளையாட ஆளிருக்கும், வம்பு பேச ஆளிருக்கும். நான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைச் சொல்லிப் பார்த்தேன். நல்லா இருக்கு டீச்சர் என்றார்கள். ஏழு மணி எங்களுக்குத் தோதுப்படாது, மில் வண்டி எட்டு மணிக்குத்தான் ஆட்களை இறக்கிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் அடுப்பே பற்றவைக்கிறோம் என்று ஒரு பெண் சொன்னார். கூட்டம் அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போனது. அவர் சொன்னது நியாயம். அவர் வீட்டுக்கு வரும்வரை பிள்ளையோடு இருப்பது அந்த ஃபோன் ஒன்றுதான்.

ஃபோனை வீட்டுக்குப் பொதுவாக வையுங்கள், கூடத்தில் வைத்துப் பார்க்கட்டும், ராத்திரி சமையலறையில் சார்ஜில் கிடக்கட்டும் என்பதுதான் பல வருடமாக நான் பெற்றோருக்குச் சொன்ன யோசனை. எட்டாம் வகுப்பு வரைக்கும் இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் வயது ஏற ஏற, அதிலும் பெண் பிள்ளைகள் விஷயத்தில், இந்த யோசனைக்குள் இருக்கும் ஓட்டை எனக்குத் தெரிகிறது. கூடத்தில் இருக்கும் ஃபோன் அப்பாவின் ஃபோன், அண்ணனின் ஃபோன். அதே 2024 ஏசர் அறிக்கையில், ஸ்மார்ட்ஃபோன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் சொந்தமாக ஒன்று வைத்திருப்பவர்கள் 36 விழுக்காடு, பெண்களில் 27. பையன் கையில் ஃபோன் இருந்தால் படிப்பு கெடும் என்று வீடு பயப்படுகிறது. பெண் கையில் இருந்தால் பயமே வேறு. யாரோடு பேசுகிறாள் என்பதுதான் அங்கே கேள்வி. கண்ணுக்கோ தூக்கத்துக்கோ அதில் இடமில்லை. என் பணிக்காலத்தில் ஃபோன் பிடிபட்டதற்காகப் படிப்பு நின்ற பையன் ஒருவனைக்கூட எனக்குத் தெரியாது. பெண்கள் மூன்று பேரைத் தெரியும். ஒருத்திக்கு ஆறு மாதத்துக்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள். பதினேழு வயது. அவளுடைய பையிலிருந்து எடுத்ததும் என் மாதிரி ஒரு ஆசிரியைதான். ஒழுங்காக விதிப்படி பெற்றோரை வரச்சொல்லி, அவர்கள் கையில் கொடுத்தோம்.

வீட்டில் அடி விழுகிற பிள்ளை, வீட்டு ஆள் ஒருவரே தொந்தரவு கொடுக்கிற பிள்ளை குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எந்த ஃபோனிலிருந்து பேசும்? இந்த எண் எங்கள் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதற்குக் கீழேயே, செல்போன் கொண்டுவரக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், மாலை ஆறு முதல் பத்து வரை ஃபோன் கூடாது என்ற கல்லூரி விடுதி விதியை எதிர்த்து வெளியேற்றப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவள் பதினெட்டு தாண்டியவள், என் பிள்ளைகள் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாதுதான். ஆனாலும் பெண்ணுக்கு ஃபோன் வேண்டாம் என்று நம் வாயில் வரும்போது, காப்பாற்றுவதற்காகச் சொல்கிறோமா, கட்டிவைப்பதற்காகச் சொல்கிறோமா என்று நின்று பார்க்க அந்தத் தீர்ப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இதை யோசித்து யோசித்து நான் வந்து நிற்கும் இடம் இதுதான். பிள்ளையை அந்தக் கருவியோடு தனியாக விடக் கூடாது. ஆனால் அந்தக் கருவியின் மறுமுனையில் இருக்கும் தன் மனிதரோடு பேசுவதற்குப் பிள்ளைக்குத் தனிமை வேண்டும். நாம் செய்துகொண்டிருப்பது நேர்மாறு. ராத்திரி ஒரு மணிக்கு முகம் தெரியாதவர்களோடு அவளைத் தனியாக விட்டுவிட்டு, அம்மாவின் குரலை நாலு பேர் நடுவில் ஒலிக்கவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பட்டன் ஃபோனைப் பையில் வைத்திருக்கப் பள்ளியே அனுமதிக்கலாம் என்று நான் எழுதிக்கொடுத்தேன். இணையம் வேண்டாம், பேசினால் போதும். வகுப்பில் அணைத்து வைக்கட்டும். அந்தத் தாள் இன்னும் மேசையில் இருக்கிறது. பட்டன் ஃபோன் என்றால் பிள்ளைகளே வேண்டாம் என்பார்கள் என்றார் ஒரு சக ஆசிரியர். பெற்றோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் அவர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. காலையில் வகுப்பில் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் முகத்தை அல்ல. வருகைப் பதிவு செயலியில் ஏற வேண்டும், அதனால் ஃபோனைத்தான் பார்க்கிறேன். சிக்னல் இல்லையென்றால் சன்னலோரம் போய்க் கையை உயர்த்தி நிற்கிறேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். பிறகு குரூப்பில் சுற்றறிக்கை, அதற்குப் பதில், புகைப்படம். இது என் வேலை, செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஆறு வயதிலிருந்து ஒரு பிள்ளை பார்த்துவரும் பெரியவர்கள் அத்தனை பேரும், அம்மா, மாமா, டீச்சர், பஸ் கண்டக்டர், ஏதாவது கேட்டால் ஒரு கண்ணாடியிலிருந்து தலையை எடுத்துத்தான் பதில் சொல்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது தன்னைவிட முக்கியமானது என்று பிள்ளை முடிவு செய்தால், அதை எந்த விதி போட்டு மாற்றுவது?

ஒன்பது நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அந்த அம்மா வந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு வந்து தங்கி, ஒரு ஷிப்டை விட்டு வந்திருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். விரல் நுனிகளில் பனியன் துணியின் நீலச் சாயம். நான் எழுதிவைத்திருந்த தாளை நீட்டினேன். இனிமேல் என் மகள் பள்ளிக்கு செல்போன் கொண்டுவர மாட்டாள் என உறுதி கூறுகிறேன். பேனாவை வாங்கிப் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டி எழுதினார். பிறகு கேட்டார்.

‘நாலாப்புப் படிக்கையில நீங்கதான டீச்சர் வாங்கித் தரச் சொன்னீக? ஏழாயிரம் ரூவா, வட்டிக்கு வாங்கித்தான் எடுத்தேன்.’

அது வேறு பள்ளி, தொடக்கப் பள்ளி என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு எல்லாம் பள்ளிக்கூடம்தான். பேசாமல் இருந்தேன். இன்ஸ்டாகிராம் பற்றி, இரவு நேரம் பற்றிச் சொன்னேன். பயந்துபோனார். பயத்தை மகள் பக்கம் திருப்பிக் கையை ஓங்கியபோது நடுவில் போய் நின்றேன். அவள் இருவருக்குத்தான் பதில் போட்டிருக்கிறாள், நாற்பது பேரை ஒதுக்கியிருக்கிறாள் என்று சொன்னேன். ஒதுக்கியதை யாரும் அவளிடம் பாராட்டியதில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பெண் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மூன்று பேரும் உட்கார்ந்து, அந்த இரண்டு கணக்கையும் தடுப்பது எப்படியென்று பார்த்துத் தடுத்தோம். செய்துகாட்டியது மகள்தான். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

போகும்போது வாசலில் நின்று கேட்டார்: ‘அப்ப நான் எங்கிட்டுப் பேசுறது டீச்சர்? பாட்டிக்குக் காது கேக்காது. ராத்திரி எங்களுக்கு ஒன்பதாயிரும், அதுக்குள்ள பிள்ள தூங்கிப்போகும்.’

என் எண்ணைக் கொடுத்தேன். நாலே கால் மணிக்கு என் ஃபோனில் கூப்பிடுங்கள், நான் கொடுக்கிறேன் என்றேன். அதை யோசித்துச் சொல்லவில்லை. கடைப் பையன் ஓடிவந்து கூப்பிட்ட ஞாபகம்தான் வாயில் வந்திருக்க வேண்டும்.

இப்போது மூன்று மாதமாக நடக்கிறது. மணி அடித்ததும் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பாள். அழைப்பு வரும். அம்மா திருப்பூர் என்று நானும் அப்படியேதான் பதிந்து வைத்திருக்கிறேன். முதல் வாரம் என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினாள். சாப்பிட்டியா என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்குக் கேட்கும். இவள், ம். பரீட்சை எப்படி? ம். பாட்டி மாத்திரை போட்டுச்சா? ம், சரிம்மா, ம்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அந்த ம் எனக்கு உறைத்தது. மறுநாள் ஃபோனைக் கையில் கொடுத்து, வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டு வா என்றேன். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் மரம். நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். முதலில் சும்மா நின்றாள். பிறகு மரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஒரு கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னாள், யாரையோ நடித்துக் காட்டுகிற மாதிரி முதுகை வளைத்தாள், குனிந்து சிரித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. டீ நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.